சித்திரை: ஒரு புள்ளி, இரண்டு விண்மீன்கள்



சித்திரை என்றதும் நமக்குப் புத்தாண்டு நினைவுக்கு வரும். சித்ரா பௌர்ணமி நினைவுக்கு வரும். உங்களில் சிலருக்கு அதுவே பிறந்த நட்சத்திரமாகவும் இருக்கும். பஞ்சாங்கம் சொல்லும் 27 நட்சத்திரங்களில் அது 14-ஆவது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய விண்மீனை வானத்தில் தேடிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

உலக வானியலில் அதன் பெயர் ஸ்பைக்கா. கன்னி விண்மீன் குழுவில் மிகவும் ஒளியுள்ளது அதுதான். சித்திரை மாதத்து முழுநிலவு இந்த விண்மீனின் பக்கத்தில் நிற்பதால்தான் அந்த மாதத்துக்கே அப்பெயர் வந்தது.

வெறுங்கண்ணுக்குச் சித்திரை ஒற்றைப் புள்ளி. பள்ளியில் உள்ள தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒற்றைப் புள்ளிதான். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு விண்மீன்கள். இரண்டுமே சூரியனைவிடப் பல மடங்கு பெரியவை. பல மடங்கு சூடானவை. ஒன்றையொன்று நான்கே நாளில் சுற்றி வருகின்றன.

பிரித்துப் பார்க்க முடியாததை இரண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டின் பொருண்மையையும் எப்படி அளந்தார்கள்? அளந்ததால் என்ன தெரிந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று விடை காண்போம். படிவம் 4 இயற்பியலில் ஈர்ப்புப் பாடத்தைப் படித்தவர்களுக்குக் கெப்ளர் விதி தெரியும். இன்றைய கணக்குக்கு அதுவே முக்கியக் கருவி.

முதலில் வானத்தில் தேடுவோம்

யோங் பெங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் உள்ளது. அதனால் சித்திரை நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே வரும். குளிர்நாட்டு மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்கு அது தெற்கே தாழ்ந்துதான் தெரியும்.

மே மாத நடுவில் இரவு 10 மணிக்கு வடக்கு நோக்கி நில்லுங்கள். அகப்பை போன்ற வடிவில் ஏழு விண்மீன்கள் தலைகீழாகத் தொங்கும். அதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பையின் கைப்பிடி வளைந்திருக்கும். அந்த வளைவைத் தொடர்ந்து தலைக்கு மேல் நோக்கிக் கண்ணைக் கொண்டு சென்றால், ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் சுவாதி வரும். அதே வளைவில் இன்னும் சிறிது தூரம் சென்றால் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு விண்மீன் நிற்கும். அதுதான் சித்திரை. ஏப்ரல் நடுவில் தேடுபவர்கள் இரவு 9 மணியளவில் கிழக்கு வானில் பார்க்கலாம்.

இந்த மாதங்களில் மாலை நேர இடிமழை அதிகம். மழை விட்டு மேகம் கலைந்த இரவுகள் பார்ப்பதற்கு நல்லவை. வானத்தின் மிக ஒளியுள்ள இருபது விண்மீன்களுள் சித்திரையும் ஒன்று என்பதால் கடைத்தெரு விளக்குகளுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம். செம்பனைத் தோட்டப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இன்னும் எளிது.

நீங்கள் காணும் ஒளி ஏறக்குறைய 250 ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி. மலாயாவுக்கு ரப்பர் கன்றுகள் வந்தது 1877-இல். அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒளி சித்திரையை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

நிறம் சொல்லும் சூடு

சுவாதி ஆரஞ்சாகவும் சித்திரை நீலமாகவும் தெரிவதற்குக் காரணம் வெப்பநிலை. இரும்பைச் சூடாக்கும்போது முதலில் சிவக்கும். மேலும் சூடேறினால் மஞ்சளாகி வெண்மையாகும். விண்மீனும் அப்படித்தான். சூடு கூடக்கூட அது மிகுதியாக வீசும் ஒளியின் அலைநீளம் குறைகிறது.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். சித்திரையின் பெரிய விண்மீன் ஏறத்தாழ 25,000 கெல்வின். அதன் துணை ஏறத்தாழ 20,000 கெல்வின். இந்தச் சூட்டில் அவை வீசும் ஒளியின் பெரும்பகுதி புற ஊதாக் கதிராகிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது மிச்சம் மட்டுமே.

பெரிய விண்மீனின் ஆரம் சூரியனைப்போல் ஏறக்குறைய 7.5 மடங்கு. ஒளிவீச்சு ஆரத்தின் வர்க்கத்துக்கும், வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கும் ஏற்பக் கூடும். கணக்கிட்டுப் பாருங்கள்: 7.5-இன் வர்க்கம் 56. வெப்பநிலை சூரியனைப்போல் 4.3 மடங்கு, அதன் நான்காம் அடுக்கு ஏறத்தாழ 340. இரண்டையும் பெருக்கினால் சூரியனைப்போல் ஏறத்தாழ 19,000 மடங்கு ஒளிவீச்சு என்று வருகிறது.

கோடுகள் சொன்ன சாட்சி

விண்மீனின் ஒளியை முப்பட்டகம் வழியாகச் செலுத்தினால் வண்ணப்பட்டை கிடைக்கும். அதுவே நிறமாலை. அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் இருக்கும். விண்மீனின் வளிமண்டலத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கு உரிய அலைநீளத்தில் ஒளியை உட்கிரகிப்பதால் இக்கோடுகள் உண்டாகின்றன. ஹைட்ரஜனின் கோடுகளில் ஒன்று 486.1 நானோமீட்டரில் விழும். எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தாலும் அதே இடம்தான்.

ஆனால் விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடு நீலப் பக்கம் சற்று நகரும். விலகிச் சென்றால் சிவப்புப் பக்கம் நகரும். இதுதான் டாப்ளர் விளைவு. நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும்போது ஆம்புலன்ஸ் நெருங்கி வருகையில் அதன் சைரன் கீச்சென்று ஒலிக்கிறது. நம்மைக் கடந்து சென்றதும் ஒலி தாழ்ந்துவிடுகிறது. ஒலிக்கு நடப்பது ஒளிக்கும் நடக்கிறது.

1889-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வான்காட்சியகத்தில் எட்வர்ட் பிக்கரிங், சப்தரிஷி மண்டலத்தின் கைப்பிடி நடுவில் உள்ள வசிட்டர் விண்மீனின் கோடுகள் சில நாள்களில் இரண்டாகப் பிரிவதையும், சில நாள்களில் ஒன்று சேர்வதையும் அறிவித்தார். திருமணத்தில் மணமக்கள் பார்க்கும் அருந்ததி அதன் பக்கத்தில் மங்கலாக இருப்பது. கூர்ந்து பார்த்தால் வசிட்டரும் அருந்ததியும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். பிக்கரிங் கண்டது அந்த இணையை அல்ல. வசிட்டர் என்ற ஒற்றைப் புள்ளிக்கு உள்ளேயே இன்னோர் இணை இருந்தது.

அடுத்த ஆண்டு, 1890-இல், ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ஹெர்மன் கார்ல் வோகல் சித்திரையின் நிறமாலையை ஆராய்ந்தார். அதன் கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி அசைந்தன. நான்கு நாளுக்கு ஒருமுறை அதே அசைவு திரும்ப வந்தது. ஒரு விண்மீன் தானாக முன்னும் பின்னும் ஆடாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதை இழுக்க வேண்டும். துணை விண்மீன் இருப்பதை வோகல் அறிந்தது இப்படித்தான். துணையின் மங்கலான கோடுகளும் பின்னர் அளக்கப்பட்டன.

பெரிய விண்மீனின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வரையும், துணையின் வேகம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வரையும் செல்கின்றன. ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகிச் செல்கிறது. விநாடிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஹைட்ரஜன் கோடு எவ்வளவு நகரும்? 486.1 × 120 ÷ 300,000. விடை 0.19 நானோமீட்டர். இவ்வளவு சிறிய நகர்வுதான் இரண்டு விண்மீன்களைக் காட்டிக்கொடுத்தது.

யார் கனம்? ஒரு சோதனை

சாத்தே குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சிறு உருளைக்கிழங்கையும் மறுமுனையில் எலுமிச்சையையும் குத்துங்கள். குச்சி சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடி அங்கே நூல் கட்டிச் சுழற்றுங்கள். சமநிலைப் புள்ளி கனமான உருளைக்கிழங்கின் பக்கம் இருக்கும். அதனால் உருளைக்கிழங்கு சின்ன வட்டத்தில் மெதுவாகச் சுற்றும். இலேசான எலுமிச்சை பெரிய வட்டத்தில் வேகமாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

விண்மீன்களும் இப்படிப் பொதுவான பொருண்மை மையத்தைச் சுற்றுகின்றன. வேகம் குறைந்தது கனமானது. எத்தனை மடங்கு வேகம் குறைவோ அத்தனை மடங்கு கனம் கூடுதல். எனவே 190 ÷ 120 = 1.58. பெரிய விண்மீன் துணையைப்போல் 1.58 மடங்கு பொருண்மை உடையது.

விகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் உண்மையான பொருண்மை எவ்வளவு என்று சொல்ல இன்னொரு தகவல் வேண்டும். டாப்ளர் விளைவு நமது பார்வைக் கோட்டின் வழியே உள்ள வேகத்தை மட்டுமே காட்டும். சுற்றுப்பாதை சாய்ந்திருந்தால் உண்மை வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அப்படியானால் சாய்வை அளக்க வேண்டும். ஒற்றைப் புள்ளியாகத் தெரிவதன் சாய்வை எப்படி அளப்பது?

நீலகிரியில் பிறந்தவர் செய்த கருவி

விடை தந்தவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். 1916-இல் தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையிலுள்ள அருவங்காட்டில் பிறந்த ஆங்கிலேயர் இவர். ரிச்சர்ட் டுவிஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு புதிய முறையை உருவாக்கினார்.

முறையின் சாரம் இது. ஒளி நமக்குச் சீராக வருவதுபோல் தோன்றினாலும் அதில் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஒரே விண்மீனை நோக்கி இரண்டு பெரிய கண்ணாடிகளை வைத்து, இரண்டிலும் விழும் ஒளியின் ஏற்ற இறக்கங்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று ஒப்பிட வேண்டும். கண்ணாடிகள் நெருங்கி இருந்தால் நன்றாக ஒத்துப்போகும். விலக்க விலக்க ஒற்றுமை குறையும். எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து விண்மீனின் கோண அளவு கிடைக்கும். இணை விண்மீன் என்றால் அவை சுற்றச் சுற்ற அந்த ஒற்றுமையும் கூடிக் குறையும். அதிலிருந்து சுற்றுப்பாதையின் அளவும் சாய்வும் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவின் நாராப்ரி என்னும் ஊரில் இந்தக் கருவி அமைந்தது. 6.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு கண்ணாடிகள், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டமான தண்டவாளத்தில் நகர்ந்தன. சித்திரையின் அளவீட்டு முடிவு 1971-இல் வெளியானது. அன்று கிடைத்த பொருண்மைகள் இன்றைய கணிப்புக்கும் மிக நெருக்கமானவை.

அளந்த கோணம் எவ்வளவு சிறியது தெரியுமா? யோங் பெங்கிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். சென்னையில் ஒருவர் கையில் பிடித்திருக்கும் 20 சென் நாணயத்தை இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, சித்திரையின் இரு விண்மீன்களுக்கு இடையிலான தூரமும் நமக்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது பொருண்மையைக் கணக்கிடுவோம்

கணிப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதை உண்மையில் சற்று நீள்வட்டம். நம் கணக்குக்கு வட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றதன் வேகம் 120 + 190 = 310. சாய்வு ஏறத்தாழ 63 பாகை. சைன் 63 என்பது 0.89. எனவே உண்மை வேகம் 310 ÷ 0.89 = விநாடிக்கு 348 கிலோமீட்டர்.

படி 2: ஒரு சுற்றுக்கு 4.0145 நாள். அதாவது ஏறத்தாழ 347,000 விநாடி. வேகத்தால் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 121 மில்லியன் கிலோமீட்டர். அதை 6.28-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 19.3 மில்லியன் கிலோமீட்டர்.

படி 3: பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான 150 மில்லியன் கிலோமீட்டரை ஒரு வானியல் அலகு என்கிறோம். 19.3 ÷ 150 = 0.129 வானியல் அலகு. காலத்தை ஆண்டாக மாற்றினால் 4.0145 ÷ 365.25 = 0.011 ஆண்டு.

படி 4: கெப்ளரின் மூன்றாம் விதி. தூரத்தை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் எழுதினால், தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் விடையே இரண்டின் மொத்தப் பொருண்மை. அலகு, சூரியனின் பொருண்மை. 0.00215 ÷ 0.000121 = ஏறத்தாழ 18.

படி 5: இந்த 18-ஐ 190-க்கு 120 என்ற விகிதத்தில் பங்கிடுங்கள். பெரிய விண்மீனுக்கு 11, துணைக்கு 7.

250 ஒளியாண்டு தூரத்தில் உள்ள இரண்டு விண்மீன்களின் பொருண்மையைப் பள்ளிக்கூடக் கணக்கில் கண்டுவிட்டோம். வானியலாளர்களின் அளவீடுகளிலும் ஏறத்தாழ ஒரு சூரியப் பொருண்மை அளவுக்கு ஐயம் உண்டு. ஆனால் 11, 7 என்ற படம் மாறுவதில்லை.

தனியாக நிற்கும் விண்மீனுக்கு இந்தக் கணக்கைச் செய்ய முடியாது. அதை இழுக்கவும் அதனால் இழுக்கப்படவும் பக்கத்தில் எதுவும் இல்லை. இரும விண்மீன்களை அளந்து பெற்ற அறிவைக் கொண்டுதான் தனி விண்மீன்களின் பொருண்மையை மதிப்பிடுகிறார்கள். சித்திரை போன்ற இணைகள் வானியலாளர்களுக்குத் தராசுபோல் ஆனது இதனால்தான்.

நெருக்கத்தின் விளைவு

புதன் சூரியனிலிருந்து சராசரியாக 58 மில்லியன் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சித்திரையின் இரு விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். நிலவு நம் கடலில் ஓதம் எழுப்புவதுபோல் இவை ஒன்றையொன்று இழுத்து நீட்டுகின்றன. அதனால் இரண்டும் உருண்டையாக இல்லை. முட்டை வடிவில் உள்ளன. பக்கவாட்டில் பார்க்கும்போது அகன்ற பரப்பும், முனைப் பக்கமாகப் பார்க்கும்போது குறுகிய பரப்பும் நமக்குத் தெரிகின்றன. அதனால் சித்திரையின் ஒளி சில விழுக்காடு கூடிக் குறைகிறது. கண்ணுக்குப் புலப்படாது, கருவிகள் காட்டிவிடும்.

எட்டு என்னும் எல்லை

11, 7 என்ற இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு பாடு? விண்மீனின் வாழ்நாளையும் முடிவையும் பெரும்பாலும் அதன் பொருண்மையே தீர்மானிக்கிறது.

சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 10,000 மில்லியன் ஆண்டு. பெரிய விண்மீனிடம் எரிபொருள் அதிகம். செலவோ அதைவிடப் பன்மடங்கு அதிகம். சித்திரையின் பெரிய விண்மீன் போன்றவற்றின் ஆயுள் சில பத்து மில்லியன் ஆண்டுகளைத் தாண்டாது. டைனோசர்கள் மறைந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அன்று சித்திரையே பிறந்திருக்கவில்லை.

முடிவைப் பற்றி முதலில் தெளிவு தந்தவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது ஒரு கணக்கைப் போட்டார். அப்போது அவருக்கு வயது 19. எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம் வெண்குறு மீனாக நிலைத்திருக்க ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கண்டார். இன்று அந்த வரம்பு சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எனக் கணிக்கப்படுகிறது. அதுவே சந்திரசேகர் வரம்பு. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூரியனைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு மேல் பொருண்மையுடன் பிறக்கும் விண்மீனில் இறுதியில் இரும்பு மையம் உருவாகும். அந்த மையம் இந்த வரம்பை எட்டியதும் தன் கனத்தைத் தாங்க முடியாமல் நொறுங்கும். வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறும். அதுவே மீயொளிர் விண்மீன், அதாவது சூப்பர்நோவா. 8-க்குக் குறைவாகப் பிறப்பவை வெளி அடுக்குகளை மெல்ல உதிர்த்து வெண்குறு மீனாக அடங்கும்.

சித்திரையில் ஒன்று 11, எல்லைக்கு மேலே. மற்றது 7, எல்லைக்குக் கீழே. ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் இடத்தில் இரண்டு வேறு முடிவுகள் காத்திருக்கின்றன. அதிலும் ஒரு திருப்பம் உண்டு. பெரிய விண்மீன் முதுமையில் ஊதிப் பெருக்கும்போது அதன் வளிமம் பக்கத்தில் உள்ள துணையின் மீது வழியக்கூடும். அப்படி நிறைய வாங்கிக்கொண்டால் துணையும் எட்டைத் தாண்டலாம்.

பயப்படத் தேவையில்லை. 250 ஒளியாண்டு தூரம் நமக்குப் போதுமான பாதுகாப்பு. வெடிப்பு நடக்க இன்னும் மில்லியன் கணக்கான ஆண்டுகள் ஆகலாம். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, சூரியன் பிறப்பதற்கு முன்பே இப்படி வெடித்த பெரிய விண்மீன்களில் உருவானதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இரும விண்மீன் ஒன்றில் இரண்டின் வேகமும் சமமாக இருந்தால் பொருண்மை பற்றி என்ன சொல்வீர்கள்?

2. கப்பெல்லா என்னும் விண்மீனிலும் இரண்டு உள்ளன. சுற்றுக்காலம் 104 நாள். இடைத்தூரம் 0.74 வானியல் அலகு. மொத்தப் பொருண்மை என்ன?

3. சுற்றுப்பாதையை நாம் நேர் மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நிறமாலைக் கோடுகள் அசையுமா?

விடைகள்: (1) இரண்டும் சமப் பொருண்மை உடையவை. (2) 0.74-இன் கனம் 0.405; 104 நாள் என்பது 0.285 ஆண்டு, அதன் வர்க்கம் 0.081, எனவே ஏறத்தாழ 5 சூரியப் பொருண்மை. (3) அசையாது. விண்மீன்கள் நம்மை நோக்கி வருவதும் இல்லை, விலகுவதும் இல்லை. அத்தகைய இணையை டாப்ளர் முறையில் கண்டுபிடிக்க முடியாது.